சேவைச் சங்கத்தின் அறுபது நிமிடங்கள்

ரோட்டரி, லயன்ஸ் போன்ற ஒரு சேவைச் சங்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அதன் ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டாம். அழைப்பில் ஏழு மணி என்று போட்டிருந்தால் ஏழு மணிக்கே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். மைக்கைச் சோதித்துவிட்டார்களா, வருகைப் பதிவேடு வாசலில் இருக்கிறதா, உரையாற்ற வந்தவரோடு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா, இல்லை அவர் ஓரமாக நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கூட்டத்தை ஏழே முக்காலுக்குத் தொடங்கும் சங்கம் ரத்த தான முகாமையும் அப்படித்தான் நடத்தும். ரத்த வங்கி வண்டி வந்து நிற்கும். மேசை போட ஆள் இருக்காது.

கூட்டம் ஒரு சடங்கு, சேவைதான் உண்மையான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சங்கங்களை உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. எந்த வேலையை எடுப்பது, யார் செய்வது, சொன்னபடி நடந்ததா என்று கேட்பது எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது. அது பழுதானால் சேவை புகைப்படத்தோடு நின்றுவிடும்.

நட்பில் தொடங்கி கழிப்பறைக்கு வந்த கதை

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் நான்கு பேர் ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். பால் ஹாரிஸ் வழக்கறிஞர், சில்வெஸ்டர் ஷீலே நிலக்கரி வியாபாரி, கஸ்டவஸ் லோர் சுரங்கப் பொறியாளர், ஹைரம் ஷோரி தையல் தொழில் செய்தவர். ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூடியதால் ‘ரோட்டரி’ (சுழல்வது) என்று பெயர் வந்தது. தொழிலுக்கு ஒருவர் என்ற விதியும் அப்போதே பிறந்தது. ஒரே தொழிலில் இருவர் இருந்தால் போட்டி வரும், நட்பு கெடும் என்பது கணக்கு. இன்று அந்த விதி வெகுவாகத் தளர்ந்துவிட்டது. ஆனால் மருத்துவரும் மின்பொறியாளரும் கணக்குத் தணிக்கையாளரும் ஒரே மேசையில் உட்காரும் சங்கத்துக்குக் கைக்குள்ளேயே நிபுணர்கள் இருப்பார்கள் என்ற பயன் அப்படியே நிற்கிறது.

அந்த முதல் சங்கத்தில் சேவை என்ற பேச்சே இல்லை. நட்பு ஒன்று, ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வது இன்னொன்று. 1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேரச் சொல்லி அழைத்தபோது, ஊருக்கு ஒன்றும் செய்யாத சங்கத்தில் தனக்கு என்ன வேலை என்று அவர் மறுத்தார். அதன் பிறகே ஊர்நலம் என்ற நோக்கம் விதிகளில் ஏறியது. முதல் பெரிய வேலையாக அவர்கள் எடுத்தது பொதுக் கழிப்பறை. மதுக்கடைக்காரர்களின் தரப்பும் பெரிய அங்காடிகளும் எதிர்த்தன. கழிப்பறை வேண்டுமென்றால் மக்கள் எங்கள் கடைக்குள் வரலாமே, வந்தால் ஏதாவது வாங்குவார்களே என்பது அவர்கள் கவலை. சங்கம் மற்ற அமைப்புகளையும் நகராட்சியையும் சேர்த்துக்கொண்டு விடாமல் இழுத்துச் சென்றதில், சுமார் இரண்டு ஆண்டுக்குப் பிறகு கட்டடம் எழுந்தது. உண்மையில் தேவையான ஒன்றைத் தொட்டால் யாருக்காவது வலிக்கும். யாரும் முகம் சுளிக்காத திட்டங்களை மட்டுமே தேடும் சங்கங்கள் வருடாவருடம் நோட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

1915இல் டெட்ராய்டில் கிவானிஸ், 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்ற லயன்ஸ், 1919இல் பெண்களுக்கென சோண்டா, 1927இல் இங்கிலாந்தின் நார்விச்சில் ரவுண்ட் டேபிள் என்று அடுத்தடுத்துச் சங்கங்கள் வந்தன. ரோட்டரியிலும் லயன்ஸிலும் பெண்கள் உறுப்பினராக 1980களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ரோட்டரி அசைந்தது.

நிமிடக் கணக்கு

பெரும்பாலான சங்கங்களின் கூட்டம் ஒரு மணி நேரம். அதற்கு முன் கால் மணி நேரம் நட்புப் பேச்சுக்கு. இந்தக் கால் மணி வீண் என்று நினைக்க வேண்டாம். பாதி வேலை இங்கேதான் முடிகிறது. ‘அந்தப் பள்ளித் தலைமையாசிரியரை உங்களுக்குத் தெரியுமே, ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்பதை எந்த நிகழ்ச்சி நிரலிலும் எழுத முடியாது.

பிறகு தலைவர் மணி அடித்துக் கூட்டத்தைத் தொடங்குகிறார். வரவேற்பும் விருந்தினர் அறிமுகமும் 5 நிமிடம். தலைவர் பேச 4, செயலாளர் அறிவிப்புக்கு 5, திட்டக்குழுத் தலைவர்கள் ஆளுக்கு 2 நிமிடமாக மூன்று பேருக்கு 6. அபராதமும் கிண்டலும் 5. பேச்சாளர் அறிமுகத்துக்கு 1 நிமிடம், உரைக்கு 20, கேள்விக்கு 9, நன்றியுரைக்கு 1. அடுத்த கூட்ட அறிவிப்பும் நிறைவு மணியும் 2. கூட்டினால் 58. மிச்சம் 2 நிமிடம் மைக் கரகரப்புக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் அந்த 15 யாரிடமிருந்து போகும்? தலைவர் தன் பேச்சைக் குறைக்கமாட்டார். செயலாளரிடம் கத்தை அறிவிப்பு இருக்கும். நஷ்டம் முழுக்கப் பேச்சாளர் தலையில்தான் விழும். 20 நிமிடத்துக்குத் தயாரித்து வந்தவரிடம் காதருகே குனிந்து ‘சார், பத்து நிமிஷத்துல முடிச்சுக்கலாமா?’ என்பார்கள். அவர் படங்களை வேகவேகமாகத் தள்ளிக்கொண்டு போவார். கேள்வி நேரம் காணாமல் போகும். அடுத்த முறை அழைத்தால் அவருக்கு வேறு வேலை இருக்கும்.

செயலாளர் அறிவிப்புதான் கூட்டத்தைத் தின்னும் பெரிய பூச்சி. உறுப்பினர்களின் கைப்பேசிக் குழுவில் ஏற்கெனவே அனுப்பிய செய்தியை மேடையில் மறுபடி வாசிப்பதை நிறுத்தினாலே பல நிமிடம் மிச்சமாகும். கையை உயர்த்தவோ பெயர் கொடுக்கவோ கேட்கும் அறிவிப்பு மட்டும் மேடைக்கு வரட்டும். மற்றவை எழுத்தில் போகட்டும்.

நேரத்தையும் அரங்கத்தையும் கவனிப்பது ஒழுங்கு அலுவலர் பொறுப்பு. ரோட்டரியில் சார்ஜெண்ட்-அட்-ஆர்ம்ஸ் என்பார்கள். லயன்ஸில் இந்த வேலை ஓரளவு லயன் டேமரிடம் இருக்கிறது. அங்கே டெயில் ட்விஸ்டர் என்று இன்னொருவரும் உண்டு. வாலை முறுக்குபவர்! தாமதமாக வந்தாய், பேட்ஜ் குத்தவில்லை, புதுக் கார் வாங்கிவிட்டுச் சொல்லவில்லை என்று சில்லறை அபராதம் போட்டுச் சிரிக்க வைப்பது அவர் வேலை. விளையாட்டுதான், ஆனாலும் லயன்ஸ் இதற்கு விதி எழுதி வைத்திருக்கிறது. ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கூடாது. டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் போட வேண்டுமென்றால் வந்திருக்கும் எல்லா உறுப்பினரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். கிண்டல் எப்போது காயமாகும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி. புது உறுப்பினரை முதல் மூன்று மாதம் விட்டுவிடுவதும், வருமானம், குடும்பம் பற்றிய கிண்டலைத் தொடாமல் இருப்பதும் எழுதப்படாத விதிகள்.

வருகை விஷயத்தில் பழைய ரோட்டரி கெடுபிடியானது. வாரம் ஒரு கூட்டம், அரையாண்டில் குறைந்தது பாதிக்கு வர வேண்டும், தொடர்ந்து நான்கு கூட்டத்துக்கு வராவிட்டால் உறுப்பினர் தகுதியே போகலாம். வர முடியாதவர் வேறொரு சங்கத்தின் கூட்டத்துக்குப் போய் ஈடு செய்துகொள்ளலாம். 2016இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் பேரவை இதையெல்லாம் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டமாவது நடக்கட்டும், மற்றதைச் சங்கங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் மாதம் நான்கு கூட்டத்தை இரண்டாக்கிய சங்கம், முன்பு நான்கு முறை கேட்ட ‘அது என்னாச்சு?’ என்ற கேள்வியை இப்போது இரண்டு முறைதான் கேட்கிறது. கூட்டத்தைக் குறைத்த இடத்தில் திட்டக்குழுக்கள் தனியாகக் கூடினால் சரியாகிவிடும். பெரும்பாலும் கூடுவதில்லை.

பேச்சாளரை அழைப்பது

ஒரு விருந்தினர் உரை என்ன செய்ய முடியும் என்பதற்கு லயன்ஸ் வரலாறே சாட்சி. 1925இல் ஓஹையோவின் சீடார் பாயிண்டில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்காக நீங்கள் வீரர்களாக நிற்க வேண்டும் என்றார். அதோடு விடவில்லை, பார்வையற்றோருக்கான அமெரிக்க அறக்கட்டளையின் பணிக்குத் துணை நில்லுங்கள் என்று குறிப்பாகக் கேட்டார். அந்த உரைக்குப் பிறகு பார்வை என்பதே லயன்ஸின் முதல் அடையாளம் ஆனது. ஐந்து ஆண்டு கழித்து, இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில், கறுப்புக் கோலோடு சாலையைக் கடக்கத் தடுமாறிய பார்வையற்றவரை ஜார்ஜ் போன்ஹாம் என்ற லயன் கண்டார். கார் ஓட்டுபவர் கண்ணுக்கு அந்தக் கறுப்புக் கோல் தெரியவில்லை. கோலுக்கு வெள்ளை அடித்துச் சிவப்புப் பட்டை போடலாம் என்ற யோசனை அவர் சங்கத்தில் பிறந்தது. 1930 டிசம்பரில் அந்த நகரம், வெள்ளைக் கோல் பிடித்தவருக்கு வழிவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. உரை கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அது ஒரு நல்ல மாலைப்பொழுது, அவ்வளவுதான்.

நிகழ்ச்சிக்குழு குறைந்தது மூன்று மாதத்துக்கான பேச்சாளர் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாதம் நான்கு கூட்டம் என்றால், ஓர் உரை சங்கம் எடுத்திருக்கும் திட்டம் சம்பந்தப்பட்டது, ஒன்று ஊர் நிர்வாகம் அல்லது பொதுப் பிரச்சினை, ஒன்று உறுப்பினர் ஒருவரே தன் தொழிலைப் பற்றிப் பேசுவது, ஒன்று மனம் லேசாக எதுவேனும். தொழில் உரையை இளப்பமாக நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர் கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று 15 நிமிடம் பேசினால், பிரபலமானவரின் தன்னம்பிக்கைச் சொற்பொழிவைவிட அதிகக் கேள்வி வரும். தன்னம்பிக்கைப் பேச்சு கேட்கும்போது இனிக்கும். மறுநாள் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அழைப்புக் கடிதத்தில் ஐந்து விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: நாளும் உரை தொடங்கும் நேரமும் (கூட்டம் தொடங்கும் நேரம் வேறு, உரை தொடங்கும் நேரம் வேறு), எத்தனை நிமிடம், கேட்பவர்கள் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள், திரை, ஒலி வசதி என்ன இருக்கிறது, அவரை வாசலில் எதிர்கொள்பவரின் பெயரும் எண்ணும். தலைப்பை மட்டும் வாங்கினால் போதாது. ‘கேட்டுவிட்டுப் போகும்போது எங்கள் உறுப்பினர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?’ என்றும் கேட்டு வைக்கலாம். பதில் சொல்லத் திணறுபவர் உரையிலும் திணறுவார்.

ஒரு வாரம் முன்பு ஒரு முறை, முந்தைய நாள் ஒரு முறை நினைவூட்டுங்கள். முந்தைய நாள் பேசியே தீர வேண்டும்; குறுஞ்செய்தி போதாது. எவ்வளவு செய்தாலும் வருடத்தில் இரண்டு மூன்று பேர் கடைசி நேரத்தில் வரமாட்டார்கள். அதற்காக எப்போது கூப்பிட்டாலும் 20 நிமிடம் பேசக்கூடிய உறுப்பினர் இருவரைத் தயாராக வைத்திருப்பது நல்ல வழக்கம். இல்லையென்றால் அந்த இடத்தை முன்னாள் தலைவர்கள் நிரப்புவார்கள். அவர்களுக்கு 20 நிமிடம் போதாது.

அறிமுகம் ஒரு நிமிடம் என்றால் எழுதினால் எழுபது, எண்பது சொல். பேச்சாளரிடம் மூன்று பக்கத் தன்விவரம் வாங்கி அதை அப்படியே வாசிப்பதுதான் வழக்கமான தவறு. வாங்கிய பட்டங்கள் எல்லாம் வேண்டாம். இந்தப் பொருளைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி, இப்போது நாம் ஏன் கேட்க வேண்டும், பெயர் என்ன, அவ்வளவு போதும். பெயரைக் கடைசியில் சொன்னால் கைதட்டல் தானாக வரும். பெயரின் உச்சரிப்பை அவரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்சி, மதப் பிரசாரம், பொருள் விற்பனை மூன்றும் மேடைக்கு வேண்டாம் என்பது ரோட்டரி, லயன்ஸ் போன்ற அமைப்புகளின் பொது நிலை. இவற்றில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மூன்றாவதில்தான். ‘ஓய்வுக்கால நிதித் திட்டமிடல்’ என்று தலைப்புக் கொடுப்பார். பதினைந்தாவது நிமிடத்தில் விண்ணப்பப் படிவம் மேசைக்கு மேசை போகும். படங்களை இரண்டு நாள் முன்பே வாங்கிப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. நிதி கேட்டு வரும் தொண்டு நிறுவனத்தாரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும்: மேடையில் தொகை கேட்க வேண்டாம், உங்கள் கோரிக்கையை எழுத்தில் நிர்வாகக் குழுவிடம் கொடுங்கள், இத்தனை நாளில் பதில் சொல்கிறோம் என்று. மேடையில் கேட்டால் தலைவர் உணர்ச்சிவசப்பட்டு அங்கேயே அறிவித்துவிடுவார். பொருளாளர் முகம் மாறும்.

உரை முடிந்து மௌனம் நிலவினால் கேட்க ஒரு கேள்வியோடு ஓர் உறுப்பினரை முன்பே உட்கார வைப்பது ஏமாற்று வேலை இல்லை. முதல் கேள்விதான் கடினம். இரண்டாவது தானாக எழும். மறுநாள் போக வேண்டிய நன்றிக் கடிதத்தில், உரையிலிருந்து சங்கம் எடுத்துக்கொண்ட ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டால் அந்தப் பேச்சாளர் ஆயுளுக்கும் நண்பர். கூட்டக் குறிப்பேட்டிலும் ‘சிறப்பான உரையாற்றினார்’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘உரையை ஒட்டி: இன்னார் மருத்துவமனையோடு பேசி, வரும் 14ஆம் தேதிக்குள் தகவல் தருவார்’ என்ற ஒரு வரி போதும். யார், என்ன, எப்போது என்ற மூன்றும் இல்லாத தீர்மானம் தீர்மானமே அல்ல.

முகாம் என்றால் என்ன கணக்கு

ரத்த தான முகாமை எடுத்துக்கொள்வோம். தேதியைச் சங்கம் முடிவு செய்துவிட்டு ரத்த வங்கியை அழைப்பதுதான் பரவலான வழக்கம். தலைகீழாகச் செய்ய வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து, 35 முதல் 42 நாள் வரைதான் இருக்கும். தட்டணுக்கள் சுமார் 5 நாள். நினைவு நாள் என்று ஊரிலுள்ள எல்லா அமைப்பும் ஒரே வாரத்தில் முகாம் போட்டால் வங்கி நிரம்பி வழியும். இரண்டு மாதம் கழித்துக் கல்லூரி விடுமுறையில் ரத்தப் பையே இருக்காது. ‘உங்களுக்கு எந்த வாரம் தட்டுப்பாடு?’ என்று வங்கியிடம் கேட்டு அந்த வாரத்தில் 40 பை கொடுப்பது, விழா நாளில் 150 கொடுப்பதைவிடப் பெரிய உதவி. சான்றிதழில் எண் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான்.

கட்டில் கணக்கைப் பாருங்கள். ஒரு பை 350 அல்லது 450 மில்லி. ஊசி ஏறி ரத்தம் நிரம்ப 8 முதல் 10 நிமிடம். படுப்பது, கை துடைப்பது, எழுவது எல்லாம் சேர்த்து ஒருவருக்குக் கால் மணி. ஆக ஒரு கட்டிலில் மணிக்கு நான்கு பேர். ஐந்து கட்டில், நான்கு மணி நேரம் என்றால் தாளில் 80. நடைமுறையில் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் அரை மணி யாரும் வரமாட்டார்கள், பதினொரு மணிக்கு எல்லாரும் வருவார்கள். வரிசை நீண்டால் பாதிப் பேர் ‘அப்புறம் வரேன்’ என்று போய்விடுவார்கள். முன்பதிவின்போதே ‘இந்த அரை மணிக்குள் வாருங்கள்’ என்று ஆளுக்கு ஒரு நேரத்தைக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

பெயர் கொடுத்த எல்லாரும் வரமாட்டார்கள். வந்தவர்களிலும் எடை குறைவு, ஹீமோகுளோபின் குறைவு, மருந்து, சமீபத்தில் பச்சை குத்தியது என்று மருத்துவர் சிலரைத் திருப்பி அனுப்புவார். பல இடங்களில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருக்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவரை எப்படி நடத்துகிறோம் என்பதில் சங்கத்தின் தரம் தெரியும். வரிசையில் எல்லார் முன்னாலும் ‘உங்களுக்கு ரத்தம் இல்லை’ என்று சொன்னால் அவர் இனி எந்த முகாமுக்கும் வரமாட்டார். தனியாக அழைத்து, அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவருக்கு அந்த முகாமின் பயனே அந்தச் சீட்டுதான்.

மயக்கம் கட்டிலில் வருவது குறைவு. எழுந்து நடக்கும் அந்தப் பத்தடி தூரத்தில்தான் வரும். எனவே கட்டிலுக்கும் ஓய்வு நாற்காலிக்கும் இடையில் ஒரு தன்னார்வலர் நிற்க வேண்டும். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு மயக்க வாய்ப்பு குறைகிறது. முடிந்ததும் உடனே எழுப்பாமல், முதலில் உட்கார வைத்து, பிறகு நிற்க வைத்து, பத்து பதினைந்து நிமிடம் கண்ணெதிரில் வைத்திருங்கள். தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தாங்கிப் பிடித்து நிற்க வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பிறகு அந்தப் புகைப்படம்: படுத்திருப்பவரைச் சுற்றி ஏழு பேர் நின்று சிரிப்பது. முதல் முறை ஊசியைப் பார்த்து ஏற்கெனவே வெளிறிப்போனவரை அது இன்னும் பயமுறுத்தும்.

பள்ளியில் கண் பரிசோதனை என்றால் அங்கே வேறு விதமான நுணுக்கம். வழக்கமான எழுத்துப் பலகைக்கு 6 மீட்டர் தூரம் வேண்டும். காலால் அளக்காமல் 6 மீட்டர் கயிறு ஒன்றை வெட்டிக் கொண்டுபோய், தரையில் கோடு போட்டு, குழந்தையின் குதிகால் அந்தக் கோட்டில் இருக்குமாறு நிறுத்த வேண்டும். பலகை குழந்தையின் கண் உயரத்தில், வெளிச்சம் பலகை மேல் விழும்படி இருக்கட்டும். பின்னால் ஜன்னல் இருந்தால் எழுத்தே தெரியாது. ஒரு கண்ணை மூடச் சொன்னால் குழந்தை விரல்களால் மூடி, இடுக்கு வழியே பார்க்கும். உள்ளங்கையைக் குழித்து, அழுத்தாமல் மூடச் சொல்லுங்கள். அழுத்தினால் அந்தக் கண்ணுக்கு முறை வரும்போது மங்கலாகத் தெரியும். வரிசையை அறைக்குள் நிறுத்தினால் நான்காவது குழந்தைக்குள் எழுத்து எல்லாருக்கும் மனப்பாடம். வரிசை வெளியே நிற்கட்டும், இரண்டு விதப் பலகை மாறி மாறி வரட்டும். படிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு, நான்கு திசையில் திரும்பிய ஒரே எழுத்துள்ள பலகை. கையால் திசை காட்டினால் போதும்.

6/12 என்றால் சாதாரணப் பார்வை உள்ளவர் 12 மீட்டரிலிருந்து படிப்பதை இந்தக் குழந்தை 6 மீட்டரில்தான் படிக்கிறது என்று பொருள். எந்த அளவுக்குக் கீழே மருத்துவரிடம் அனுப்புவது என்பதைக் கண் மருத்துவமனைதான் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். தன்னார்வலர் முடிவு செய்யக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். 400 பிள்ளைகளைப் பார்த்து 40 பேருக்குச் சீட்டுக் கொடுத்தோம் என்று வையுங்கள். சீட்டு புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். பெற்றோர் வேலையை விட்டு மருத்துவமனைக்கு வர முடியாது. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கண்ணாடி போட்டிருப்பவர் சொற்பமாக இருப்பார்கள். செய்ய வேண்டியது எளிது. பரிசோதனை நாளிலேயே இரண்டாம் தேதியையும் முடிவு செய்துவிட வேண்டும்: இரண்டு வாரத்துக்குள் கண் பரிசோதகர் அதே பள்ளிக்கு வருவார், பெற்றோருக்குப் பள்ளியே தகவல் சொல்லும். மூக்குக்கண்ணாடியின் சட்டத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். எல்லாருக்கும் ஒரே பழுப்புச் சட்டம் வாங்கினால் கேலிக்குப் பயந்து கழற்றி வைத்துவிடும். அறிக்கையில் எழுத வேண்டிய எண் 400 அல்ல, மூன்றாம் மாதம் மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடிகளின் எண்ணிக்கை.

மரக்கன்று நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவது ஒரு காலைப்பொழுது. தண்ணீர் ஊற்றுவது இரண்டு கோடைக்காலம். யார் ஊற்றுவார் என்று பெயர் சொல்ல முடியாத இடத்தில் குழி தோண்டாதீர்கள்.

எந்தப் பணம் எந்தப் பையில்

லயன்ஸ் விதியில் மிகத் தெளிவான ஒன்று: நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. உறுப்பினர் சந்தா, கூட்டக் கட்டணம் முதலாவதில். சீட்டு விற்றும் நிகழ்ச்சி நடத்தியும் வெளியாரிடம் திரட்டியது இரண்டாவதில். வெளியாரிடம் வாங்கிய பணத்திலிருந்து அந்த நிகழ்ச்சிக்கான நேரடிச் செலவைக் கழிக்கலாம். பதவியேற்பு விழாவுக்கோ நாற்காலி வாடகைக்கோ தொடக்கூடாது. எந்தச் சங்கமாக இருந்தாலும் இதைப் பின்பற்றுவது நல்லது. சிக்கல் பெரும்பாலும் திருட்டால் வருவதில்லை, ‘இப்போதைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்வோம், சந்தா வந்ததும் போட்டுவிடலாம்’ என்பதால் வருகிறது. சந்தா வராது. ஆண்டு முடிந்துவிடும். இரண்டு கையெழுத்து இல்லாமல் காசோலை இல்லை, மாதக் கணக்கு நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படும் என்ற இரண்டும் இருந்தால் பொருளாளருக்கும் நிம்மதி.

ஜூலை முதல் தேதி

ரோட்டரியிலும் லயன்ஸிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவர் பொதுவாக ஓராண்டுதான். பலரும் தலைமை ஏற்கலாம், ஒருவரே நாற்காலியில் ஒட்டிக்கொள்ள முடியாது என்பது நன்மை. கெடுதல், ஒவ்வொரு தலைவருக்கும் தன் பெயரில் ஒரு திட்டம் வேண்டும். முந்தையவர் பள்ளிக்கு வைத்துக் கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பான் இருக்கும்; அதன் வடிகட்டியை மாற்ற இவர் வரவு செலவில் இடம் இருக்காது. இயந்திரத்தின் மேல் நன்கொடையாளர் பெயர்ப் பலகை மட்டும் பளபளக்கும்.

ஓராண்டுத் தலைவர்களை வைத்துக்கொண்டே நீண்ட வேலை செய்ய முடியும் என்பதற்கு ரோட்டரியே எடுத்துக்காட்டு. 1979இல் பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கி, 1985இல் போலியோபிளஸ் என்று உலகத் திட்டமாக்கி, 1988இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றோடு கைகோத்தார்கள். அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ தலைவர்கள் மாறினார்கள், இலக்கு மாறவில்லை. பதவி ஓராண்டு, திட்டக்குழு மூன்றாண்டு என்று பிரித்து வைத்தால் உள்ளூர்ச் சங்கத்திலும் இது நடக்கும். குழுவில் ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் ஒருவர் மாறட்டும். வரப்போகும் தலைவரும் விலகிய தலைவரும் அதில் இருக்கட்டும். ஜூனில் மிச்சப் பணத்தை அவசரமாகச் செலவழித்து எண்ணிக்கை காட்டும் பழக்கமும் அப்போது குறையும்.

பதவி ஒப்படைப்பன்று மணியும் கழுத்துப் பட்டையும் கைமாறுவதை எல்லாரும் படம் எடுப்பார்கள். கூடவே ஒரு கோப்பும் கைமாற வேண்டும். அதில் உறுப்பினர் பட்டியல், வங்கிக் கையெழுத்து மாற்றும் படிவம், ஒப்புக்கொண்ட பேச்சாளர்களின் பெயரும் தேதியும், நிறைவேறாத தீர்மானங்கள், ரத்த வங்கியிலும் பள்ளியிலும் யாரிடம் பேச வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்கும். கடைசித் தாளில் சங்கம் வைத்துக் கொடுத்த ஒவ்வொரு பொருளும், அது இருக்கும் இடமும், அடுத்த பழுதுபார்க்கும் தேதியும், அன்று போய்ப் பார்க்க வேண்டிய உறுப்பினரின் பெயரும்.